புதுக்கோட்டையில் இறங்கிப்போன மகள்

போன வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சில நாட்கள் முன்னால், தூத்துக்குடிக்கு வெளியே திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டையில் நடந்தது இது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஒடிசாவிலிருந்து அத்தனை தூரம் வந்துவிட்டு, வீட்டை நெருங்கும்போது பிள்ளையைத் தொலைக்கப் பார்த்தோம்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குப் பிறகு எனக்குக் கரு தங்கவே இல்லை. தத்தெடுக்கலாம் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, கைக்குழந்தை வேண்டுமென்று ஏகப்பட்ட பேர் காத்திருக்கிறார்கள், வளர்ந்த பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை என்று. சரி, நாம கேட்போம் என்று முறைப்படி பதிவு செய்தோம். பாஷை தெரியாத பிள்ளை, அதுவும் வளர்ந்த பிள்ளை எப்படி ஒட்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். நாங்கள் காதில் வாங்கவில்லை.

ஒடிசாவில் ஒரு இல்லத்தில் இருந்த எட்டு வயதுப் பெண்ணோடு வீடியோ காலில் பழக ஆரம்பித்தோம். அவள் ஒடியாவில் ஏதோ சொல்வாள், நாங்கள் தமிழில் ஏதோ சொல்லிச் சிரிப்போம். மூத்தவள் போனைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் மட்டும் முகத்தைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டு வருவாள்.

நாங்கள் மூன்று பேரும் போய் அவளைக் கூட்டி வந்தோம். கிளம்பும்போது அவள் அழவில்லை. ரயிலில் சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். எதுவும் வேண்டுமென்று கேட்கவே இல்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று நானும் அவரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம். சென்னையில் ரயில் மாறினோம். மறுநாள் விடிந்து பார்த்தால் அவளே வேறு கவுன் மாற்றிக்கொண்டு, துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுத்தமான பிள்ளை என்றுதான் அதையும் நினைத்தேன்.

தூத்துக்குடி ரயிலில் டிக்கெட் கிடைக்காததால் திருநெல்வேலியில் இறங்கி பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு சீட் கிடைத்தது. நாங்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்தோம். அலுப்பில் கண் சொக்கிவிட்டது. அவர் தோளை உலுக்கியபோதுதான் விழித்தேன்.

"ஏளா, சின்னவள எங்க?"

மூத்தவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீட் காலி. பையும் இல்லை. பஸ் அப்போதுதான் புதுக்கோட்டை ஸ்டாப்பைத் தாண்டி வேகம் எடுத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசில் அடித்தார். முன்னால் நின்ற ஒரு பாட்டி, "இங்கன நின்ன வடநாட்டு ஆளுங்க பின்னாலயே ஒரு பிள்ள இறங்கிச்சே" என்றார். திருநெல்வேலியில் ஏறிய அந்த ஆட்களை நானும் பார்த்திருந்தேன். ஒரு பெண், இரண்டு மூன்று ஆண்கள். அவர்கள் பேசியது சின்னவளின் பாஷை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ் ஓரம் கட்டி நின்றதும் மூன்று பேரும் வந்த வழியே ஓடினோம். உச்சி வெயில். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றை அறைந்துகொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அவளுக்கு ஊர் தெரியாது, பாஷை தெரியாது, எங்கள் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடை முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். நடுவில் அந்த வடநாட்டுப் பெண். அவள் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சின்னவள். நான் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அலறினாள். இரண்டு நாளாக வாய் திறக்காத பிள்ளை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி அலறினாள். அந்தப் பெண் என் கையைத் தட்டிவிட்டாள்.

"யார் நீ? பாப்பா உன்னைப் பார்த்து பயப்படுது. நான் விடாது."

அதற்குள் கூட்டம் தானாக ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் ஒருவன் அந்தப் பெண்ணோடு வந்த ஆளின் சட்டையைப் பிடித்தான். பிள்ளை கடத்துகிற கும்பல் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஆனால் பிள்ளை அவர்களை அல்லவா கட்டிப் பிடித்திருக்கிறது. அதனால் எல்லார் பார்வையும் எங்கள் பக்கம் திரும்பியது. எங்க பிள்ளைதான், தத்தெடுத்துக் கூட்டிட்டு வாரோம் என்று சொன்னேன்.

"ஒங்க பிள்ளன்னா ஒங்களப் பாத்து ஏன் கத்துது?" என்று ஒருத்தர் கேட்டார். 

என் வீட்டுக்காரர் தத்தெடுத்த பேப்பர்கள் இருந்த ஃபைலைப் பிரித்துக் காட்டினார். வாங்கிப் பார்க்க ஆள் இல்லை. "பேப்பரு யாரு வேணாலும் அடிக்கலாம்லே" என்றது ஒரு குரல். சுற்றிலும் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான். மூத்தவள் பயத்தில் என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். நம் ஊருக்குப் பக்கத்திலேயே, நம் பாஷை பேசுகிற ஆட்களிடமே இன்றைக்கு அடி வாங்கப்போகிறோம் என்று நினைத்தேன்.

டீக்கடை அண்ணாச்சி அடுப்பை விட்டுவிட்டு வந்து நடுவில் நின்றார். யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது, போலீசுக்குச் சொல்லியாச்சு, அவங்க வார வரைக்கும் பிள்ளை அந்த அம்மாகிட்டயே இருக்கட்டும் என்றார். கடை பெஞ்சை இழுத்துப் போட்டு இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். தோளைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான்.

அந்தப் பெண், பக்கத்திலிருக்கிற ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வந்து சில வருஷம் ஆனதால் தமிழ் ஓரளவு வரும். சின்னவளை மடியோடு சாய்த்துக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சுக்குக் கீழே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். இல்லத்தை நினைத்து ஏங்குகிறாள், கட்டாயப்படுத்தக் கூடாது என்று தோன்றியது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "எங்க கூட வரப் பிடிக்கலைன்னா திரும்பக் கொண்டுபோய் விட்டுருதோம்னு சொல்லும்மா" என்றேன். என்னால் கொடுக்க முடிந்ததிலேயே பெரிய விஷயம் அதுதான் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் அதை ஒடியாவில் சொன்னாள். சின்னவளின் உடம்பு தூக்கிப் போட்டது. முகத்தை அந்தப் பெண்ணின் வயிற்றில் புதைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் அழுதாள். அந்தப் பெண் குனிந்து கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அத்தனை கோபம்.

"அக்கா, என்ன சொல்றே நீ? அதுக்குத்தானே பாப்பா ஓடுது."

உடைந்த தமிழில் அவள் சொன்னது இதுதான். எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் இவளைக் கூட்டிப் போயிருக்கிறது. அவர்களும் புது கவுன் வாங்கிக் கொடுத்து, ரயிலில்தான் கூட்டிப் போனார்களாம். இவள் தினமும் படுக்கையை நனைத்திருக்கிறாள். சில மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் ராத்திரி ரயிலிலும் பெர்த்தை நனைத்துவிட்டாள். ஈர கவுன் அந்தப் பைக்குள் இருந்தது. வீட்டுக்குப் போனதும் எங்களுக்குத் தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவோம் என்று பயந்திருக்கிறாள். பஸ்ஸில் தன் பாஷை காதில் விழுந்ததும் அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டாள்.

"நீங்க அனுப்புறதுக்கு முன்னாடி நானே போறேன் சொல்லுது" என்றாள் அந்தப் பெண்.

தூக்கிய போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எனக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"திரும்பல்லாம் விட மாட்டோம்னு சொல்லுங்க. நனைச்சா தொவச்சிப் போட்டுக்கிடலாம். கோவம் வந்தா ஏசுவோம், அவளும் ஏசட்டும். ஆனா விட மாட்டோம்."

அந்தப் பெண் உடனே சொல்லிவிடவில்லை. இந்த ஆளை நம்பலாமா என்று பார்க்கிற மாதிரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம்தான் சொன்னாள். சின்னவள் முகத்தைத் திருப்பாமலே ஏதோ கேட்டாள்.

"தினமும் நனைச்சா?" என்று அந்தப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மூத்தவள், "நானும் மூணாம் கிளாஸ் வரைக்கும் பாய்ல மூத்திரம் போயிருக்கேன்னு சொல்லுங்க" என்றாள். அத்தனை ஆட்களுக்கு நடுவில், அவள் வயசுப் பையன்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், குரல் நடுங்கினாலும் முழுசாகச் சொன்னாள். அந்தப் பெண் அதைச் சொன்னதும் சின்னவள் தலையைத் தூக்கி மூத்தவளைப் பார்த்தாள்.

போலீஸ் வந்தார்கள். பேப்பர்களைப் படித்தார்கள், இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். இவங்ககூடப் போறியா என்று அந்தப் பெண்ணை வைத்துக் கேட்டபோது சின்னவள் சரியென்று தலையை ஆட்டினாள். ஆனால் சேலையை விடவில்லை. அதனால் வேலைக்குப் போகவேண்டிய அந்தப் பெண், கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு எங்களோடு அடுத்த பஸ் ஏறினாள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். சின்னவளுக்குப் போட்டிருந்த கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அவள் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன் என்றாளாம். சொன்னபடியே வந்தாள். கம்பெனி மாறி வேறு ஊருக்குப் போகும் வரை பல ஞாயிற்றுக்கிழமைகள் வந்தாள்.

படுக்கை நனைவது சில மாதம் தொடர்ந்தது, பிறகு தானாக நின்றது. இப்போது சின்னவள் அக்காவோடு எங்கள் ஊர்த் தமிழில்தான் சண்டை போடுகிறாள். எனக்கும் கோபம் வரும், சத்தம் போடுவேன், சில நேரம் கையும் ஓங்கிவிடுவேன். ஆனால் "எங்கேயாவது போய்த் தொலை" என்று மட்டும் சொல்வதில்லை. அம்மாமார் எல்லாரும் யோசிக்காமல் சொல்லிவிடுகிற வார்த்தைதான். கேட்டதும் நிஜமாகவே பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடக்கூடிய ஒரு பிள்ளையை வளர்க்கிறேன் என்பதால், அது நாக்கு வரை வந்தாலும் விழுங்கிக்கொள்கிறேன்.