13.40க்கு ரோகிணியின் பக்கத்தில்: தெல்தெனியவில் ஒரு சிறுகோள்

பெப்ரவரி முதல் வாரத்தில் தெல்தெனியவுக்குப் போனேன். ஒரு சிறுகோள் அன்று பூமியைக் கடந்துபோகும் என்று என் கணவர் எழுதிவைத்திருந்தார். அவர் யாழ்ப்பாணத்தவர், கணித ஆசிரியர். இப்படிப்பட்ட கற்களைத் தேடிப் பார்ப்பதில் இருபது வருடம் கழித்தவர். நான் கண்டிக்காரி. டோர்ச் பிடிப்பதோடு என் பங்கு முடிந்துவிடும். போன வருடம் அவர் காலமானார்.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாக எழுதிய தாளில் திகதியும், ரோகிணி நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒரு புள்ளியும், 13.40 என்ற நேரமும் இருந்தன.

"பகல் ஒன்னு நாப்பதுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இஞ்சாரும், நேரம் சரி. கூட்டும்" என்றார், தன் யாழ்ப்பாணத் தமிழில்.

மருந்து அவர் புத்தியைக் குழப்பிவிட்டது, வெளியே அழைத்துப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். "சுகமானதும் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே அந்த நேரத்தை நான் நம்பவில்லை. அந்த நாளில் வீட்டில் இருக்க முடியாததால்தான் கிளம்பினேன். கண்டியிலிருந்து 3.45 பஸ், ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர், 120 ரூபாய். சின்னத் தொலைநோக்கியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். (பக்கத்து இருக்கைப் பெண், பிள்ளை தூங்குகிறதா என்று பார்த்தார்.) தெல்தெனியவிலிருந்து விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும் மேட்டுக்கு ஆட்டோ, காத்திருந்து திரும்புவதற்கும் சேர்த்து 2,500.

ஓட்டுநர் ஒரு தமிழர், அறுபது வயதிருக்கும். இருட்டுவதற்குக் காத்திருந்தபோது என் கையிலிருந்த அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது லண்டன் நேரமா, நம்ம நேரமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"எம் மக லண்டன்ல. ரெண்டு மணிக்கு எடுக்குறேன்னா. நான் பகல் சோத்தையும் விட்டுட்டு போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ராத்திரி ஏழரைக்கு அடிக்குது! அஞ்சரை மணி கூட்டணுமாம். எனக்கு யாரு சொன்னா?"

கூட்டணும். பதின்மூன்று நாற்பதோடு ஐந்து முப்பது. இரவு ஏழு பத்து.

"என்னம்மா, ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்றார் அவர். இல்லை என்று தலையாட்டினேன்.

ஏழு மணிக்குத் தொலைநோக்கியை ரோகிணிக்குத் திருப்பினேன். மங்கலான புள்ளிகளில் ஒன்று மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. ஏழு பத்துக்கு அவர் குறித்த இடத்தில் நின்றது. நின்றது என்பது தவறு, கடந்துபோனது. ஓட்டுநரும் பார்த்தார். "இத்துனூண்டா?" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: பெப்ரவரியில் வானம் பெரும்பாலும் தெளிவு. மேட்டில் காற்று குளிரும், சுவெட்டர் வேண்டும். அட்டைகள் இருக்கும், சப்பாத்து போடுங்கள். சிறுகோள் அட்டவணைகளில் நேரம் உலக நேரத்தில்தான், அதாவது பெப்ரவரியில் லண்டன் நேரத்தில்தான் இருக்கும்.

எதைக் கூட்டுவது என்று அன்று நான் கேட்டிருந்தால் ஒரு நிமிடம்தான் போயிருக்கும். அதன் பிறகும் அவர் பதினொரு நாள் இருந்தார். தெளிவாகத்தான் இருந்தார். அந்தப் பதினொரு நாளும் நான் அவரிடம் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினேன்.