கை தூக்கிய வேன்

வெட்டுப்பட்ட புளியமரத்தின் பச்சை வாடை வேனுக்குள் வந்தபோது நாங்கள் கள்ளக்குறிச்சியை நெருங்கிக்கொண்டிருந்தோம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் போராட்டம் நடந்த ஆண்டு; எனக்குப் பத்து வயது. எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் கத்தினால் கேட்கும். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகக் கல்வராயன் மலையடிவாரத்தில் அரசாங்கம் பத்து நாள் முகாம் நடத்தியது. கடைசி நாள் கள்ளக்குறிச்சிக்கு டாக்டர் வந்து காதுக்கு "மிஷினு" கொடுப்பார், சாயந்திரமே போய்விடுவார் என்று சொல்லியிருந்தார்கள்.

முகாமில் தினமும் ஒரே பயிற்சி. சரோஜா டீச்சர் எங்கள் முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டுவார். கேட்டால் கை தூக்க வேண்டும், தூக்கினால் ஆரஞ்சு மிட்டாய். பக்கத்தில் உட்காரும் பொன்னி மலைக்காரப் பெண், அவளுக்கு வெடிச்சத்தமும் கேட்காது. ஆனால் நான் தூக்கினால் அவளும் தூக்குவாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்குவார்கள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு எல்லாருக்கும் மிட்டாய் கொடுப்பார். முகாமில் இருந்த ஒரே மிஷினை ஒருநாள் பொன்னியின் காதில் வைத்தார்கள். அவள் ஏதோ கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்டதும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசி நாள் காலை சின்னசேலம் பஸ் வரவில்லை. எதிரே ஒரு வண்டியும் இல்லை. டிரைவர் மட்டும் அதைக் கவனித்தார். பிறகு, சாலையின் குறுக்கே மரம். அருவாளும் ரம்பமுமாகப் பத்துப் பதினைந்து பேர். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஓரமாக வழி விட்டார்கள். அங்கே பேசியதையெல்லாம் டீச்சர் பிறகு என் அம்மாவிடம் சொன்னார்.

"காது கேக்காத புள்ளைங்க. டாக்டராண்ட போறோம்ங்க."

"இன்னா டீச்சர், கதை வுடுறீங்க? நேத்து ஒருத்தி வயித்துல தலவாணி கட்டிக்கினு புள்ளத்தாச்சின்னு பூட்டா!"

ஒருவன் வேனில் ஏறி எங்கள் முதுகுக்குப் பின்னால் போய், அருவாளைத் திருப்பிப் பிடித்து வேனின் தகரத்தில் ஓங்கி அடித்தான்.

எனக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டே கை தூக்கினேன். பொன்னி தூக்கினாள். வேன் முழுக்கக் கை.

"பாருடா, டமாரச் செவிடுங்கள! ஒண்ணுக்குக்கூட காது கம்மியில்ல!"

"பழக்கிவுட்டதுங்க, ஒண்ணப் பாத்து ஒண்ணு தூக்குதுங்க" என்று டீச்சர் அழுதார். அருவாள் டிரைவரின் முகத்துக்கு நேரே வந்தது. "திருப்பு" என்றார்கள். திருப்பினார்.

அவர்கள் கேட்டது படிப்பும் வேலையும். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஒரு வாரத்தில் மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டார்கள், பஸ் ஓடியது. டாக்டர் மட்டும் திரும்ப வரவில்லை. மறுவருஷம் முகாமும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. என் அப்பாவுக்குச் சங்கராபுரத்தில் கடை இருந்தது, சேலத்தில் எனக்கு மிஷின் வாங்கினார். பொன்னிக்கு யார் வாங்குவார்கள்?

இப்போது அந்தச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள், புளியமரமே இல்லை. போன மாதம் வெள்ளிமலையில் பொன்னியைப் பார்த்தேன். இனி மிஷின் வைத்தால் சத்தம் கேட்குமாம், பேச்சு வராதாம். பேச்சு வரும் வயது போய்விட்டது என்று டாக்டர் சொன்னதாக அவள் மகள் சொன்னாள். போராட்டத்தால் நின்றுபோன முகாம் என்று அரசாங்க ஆபீசில் இன்னும் சொல்கிறார்கள். போராட்டம் ஒரு வாரம். மீதி வருஷமெல்லாம் அந்த டாக்டரை யார் மறித்தது?