கனமில்லாத மேசை

குன்னூர்க் கடையில் என் மகன் மடக்கு மேசை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்குள் சிக்னல் வராததால், மேட்டுக்குத் தூக்கிப்போய் அவன் வேலை செய்ய வேண்டுமாம்.

"தூக்கிப் பாருங்கம்மா, லேசா இருக்குதுங்களா?"

ஒற்றைக் கையில் தூக்கினேன்.

அந்நாளில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடையை எழுதும் கணக்கப்பிள்ளைக்காக, தேக்கு மேசையை அப்பாதான் தலையில் சுமந்து மலையேறுவார். மழையில் பாதை வழுக்கும். நான் பின்னால் அவருடைய வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே நடப்பேன்.

"உட்றாத சாமி, நீ புடிச்சிருக்கறதாலதான் அப்பன் நிக்கறேன்."

நம்பினேன். ஒரு நாள் மேசையோடு சரிந்தார். கிழிந்த துணி மட்டும் என் கையில் நின்றது. அதற்கப்புறம் அப்பா நிமிர்ந்து நடக்கவே இல்லை.

"ஏனுங்கம்மா, கனமா இருக்குதுங்களா?"

இறகுபோலத்தான் இருந்தது.

"இதைவிட லேசா ஒண்ணு காட்டச் சொல்லு, சாமி" என்றேன்.