மிதிக்கயிற்றை ஏற்றிக் கட்டிய நாள்

முள்ளிப்பட்டு பலராமனும் அவருடைய தங்கை கணவர் நெடுஞ்செழியனும் ஒரே வயதுக்காரர்கள். நெடுஞ்செழியன் செய்யாரில் அரசு அலுவலக எழுத்தராக இருந்து, போன மாசியில் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, விருந்து எல்லாம் நடந்தது. இப்போது தினமும் காலையில் நடக்கப் போகிறார். சர்க்கரை இறங்கி, முகம் தெளிந்திருக்கிறது.

பலராமன் மீசை முளைக்கும் முன்பே தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டவர். மிதிகளை மாறி மாறி அழுத்த வேண்டும். பட்டும், தறியில் நீளவாக்கில் பூட்டும் பாவு இழைகளும் முதலாளி கொடுப்பார், நெய்தால் கூலி. இதில் ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று கிடையாது. பாவு தீரும்போது அதன் நுனி இழைகளைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவை அவற்றோடு இழை இழையாக முறுக்கிப் பிணைப்பார்கள். தறி வெறுமையாவதே இல்லை. அதனால் நெய்பவரும் எழுந்து போவதில்லை.

அவருடைய வலது முழங்கால் வீங்கி வெகுநாளாயிற்று. இனியும் குழியில் இறங்கினால் கால் நடைக்கு உதவாது என்று ஆரணி டாக்டர் சொல்லிவிட்டார். பலராமன் நம்பவில்லை. தறியில் இருக்கும்போது வலி தெரிவதில்லை; எழுந்தால்தான் வலிக்கிறது. நெடுஞ்செழியனின் விழாவுக்காகத் தறியை விட்டு இருந்தபோது வலி உயிரை எடுத்தது. ஆகவே தறிதான் மருந்து என்பது அவர் முடிவு.

ஒரு நாள் வீட்டுக்கு வந்த நெடுஞ்செழியன், "நீங்களும் காலையில நடங்க மச்சான்" என்றார்.

"குழிக்குள்ள தினம் நடந்துகினுதான் கீறேன் மாப்ள. ஊருதான் வரமாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பலராமனின் மனைவி செல்லம்மாள் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவருடைய அக்குளில் கைகொடுத்துக் குழியிலிருந்து மேலே தூக்குகிறவள் அவள்.

அந்த வாரம் பாவு தீர்ந்தது. பாவு பிணைக்கும் முத்துவேல் வந்தான். வாசலிலேயே செல்லம்மாள் அவனிடம் ஏதோ பேசினாள். பிணைத்து முடித்தவன் குழிக்குள் குனிந்து, "அண்ணி, மிதிக்கயித்த எவ்ளோ ஏத்திக் கட்டட்டும்?" என்று கேட்டான்.

"எங்காலுக்கு எதுக்குடா ஏத்தணும்?" என்றார் பலராமன்.

முத்துவேல் செல்லம்மாளைப் பார்த்தான்.

"உங்க காலுக்கு இல்ல," என்றாள் அவள். "எங்காலுக்கு. எனக்கு மிதி எட்டாது. பொறந்த வீட்ல நெய்ஞ்சவதான் நானு. நீங்க நாற்காலியில உக்காந்துகினு ராட்டை சுத்துங்க."

பலராமன் கத்தினார். முதலாளி ஒப்பமாட்டார், கரை கோணிப்போகும், பெண்டாட்டியைக் குழியில் இறக்கிவிட்டு உட்கார்ந்து தின்கிறான் என்று தெரு பேசும் என்றெல்லாம் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"குழியில வலி இல்லன்னு டாக்டராண்ட சொன்னீங்களே. தினம் உங்கள தூக்கறவ நான். உங்க காலு எவ்ளோ தாங்குதுன்னு என் தோளுக்குத் தெரியும்."

முத்துவேல் கயிற்றை ஏற்றிக் கட்டினான்.

மாலையும் சால்வையும் இல்லாமல் பலராமன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியதை மறைக்க ராட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்லம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு குழியில் கால் வைத்தாள். இறங்கும்போது, ஒரு கணம், தன் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

ஓரக்கண்ணால் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பாத்து இறங்கு," என்றார்.