இரண்டிலும் வெள்ளைப் பூ

இராக்கம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது இலங்கை மலைநாட்டில் தெமோதரைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டம் முழுக்க அறிந்த விஷயம். ஆகவே 1953 தை மாதத்தில் அவள் சாமியிடமே பொய் சொன்னபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அம்மா செத்தபோது அவளுக்குப் பத்து வயது. தம்பி அழகையா கைக்குழந்தை. கொழுந்துக்கூடையைத் தூக்கி அவனை ஆளாக்கினாள். பெண் கேட்டு வந்த இரண்டு பேரை, தம்பிக்கு யார் சோறு போடுவது என்று திருப்பி அனுப்பினாள். தம்பிக்கு இப்போது இருபத்திரண்டு. சோறு அவனே ஆக்குவான், அவளைவிட நன்றாக.

இந்தியாவில், துறையூரிலிருந்து மாமா கடிதம் போட்டார்: நிலம் இருக்கிறது, புறப்பட்டு வா. அழகையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இராக்கம்மாவுக்கு மலையை விட்டுப் போகும் எண்ணமே இல்லை. அவன் போனால் லயத்து வீட்டில் அவள் ஒற்றை ஆள். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

"சாமியைக் கேட்டுருவோம்க்கா," என்றான்.

கேட்பதென்றால் பூக்கட்டிப் பார்ப்பது. ஓர் இலைப் பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. மாரியம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் இருக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிடுவது வழக்கம். கட்டும் பொறுப்பை இராக்கம்மாவிடம் விட்டார்கள். பொய் சொல்லத் தெரியாதவள் அல்லவா.

அவள் இரண்டிலும் வெள்ளையை வைத்தாள்.

அழகையா கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டு ஒன்றை எடுத்தான். வெள்ளை. "சரி, அப்புறம் என்ன," என்று சிரித்தான். தகரப்பெட்டியில் அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் இருமல் என்று சொல்லித் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கனகரத்தினத்திடம் போனாள். யாழ்ப்பாணத்து மனிதர். காரணம் இல்லாமல் உலகத்தில் எதுவும் நடக்காது, மனுசன் தானாக ஒன்றையும் செய்வதில்லை என்பது அவர் கட்சி. சுருட்டை மட்டும் சொந்த விருப்பத்தில் பிடிப்பதாகச் சொல்வார்.

இருமலை விட்டுப் பூ விஷயத்தைச் சொன்னாள். முழுவதையும் கேட்டார்.

"பூவை ஏன் மாத்தி வைச்சாய்? பாசம். பாசம் ஏன் வந்தது? பத்து வயசிலையிருந்து அவனைத் தூக்கித் திரிஞ்சாய். எல்லாம் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வந்தது. உன்னிலை பிழை இல்லை."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆனா போய்த் தம்பியிட்டைச் சொல்லிப்போடு."

"எல்லாம் தன்னால வருதுன்னா நான் ஏங்க சொல்லணும்?"

கனகரத்தினம் சுருட்டுச் சாம்பலைத் தட்டினார்.

"நான் இப்ப சொல்லுறதும் ஒரு காரணந்தானே, பிள்ளை."

அன்று மாலையே சொன்னாள். அழகையா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

"அம்புட்டு நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டேனேக்கா."

"பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். போறதுன்னா போய்யா. நான் இனிக் குறுக்க நிக்கல."

ரொட்டி ஒரு பக்கம் கருகியது. அவன் திருப்பவில்லை.

"மாமா நிலத்துக்கு ஆள் தேடுறாரு," என்றான் கடைசியில். "எனக்காகச் சாமியவே ஏமாத்துற ஆளு அங்க யாரு இருக்கா? நான் எங்கயும் போகல. இது பூ சொன்னது இல்ல, நான் சொல்றது."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாமாவுக்கு என்ன எழுதுவது என்று மட்டும் கேட்டாள்.

"சாமி வேணாமுன்னுருச்சுன்னு எழுதுவோம். நெசத்தைச் சொன்னா நம்ப மாட்டாரு."