வீமனின் வயிறும் மேரியக்காவின் மீனும்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு நாய்க்குட்டி வாந்தி எடுத்தது. வாந்தியில் சோறு இல்லை. வெள்ளை வெள்ளையாக, நூடில்ஸ் போல... நெளிந்துகொண்டிருந்தன. தேநீரோடு இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் மன்னிக்கவேண்டும். எனக்கும் அன்று தேநீர் இறங்கவில்லை.

குட்டியின் பெயர் வீமன். தெல்லிப்பழையில் ஒரு சிநேகிதி வீட்டிலிருந்து தூக்கி வந்து ஒரு மாதம்தான். வந்த நாள் முதல் வயிறு ஊதிக்கொண்டே போனது. பார்த்தவர்கள் எல்லாம் "நல்ல வளர்ப்பு" என்றார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். வயிற்றுக்கு மேலே விலா எலும்பு தெரிகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத வீடு. முட்டைகூட உள்ளே வராது. வீமனுக்கும் சோறு, பருப்பு, தயிர்தான். அப்படியிருக்க வயிற்றில் பூச்சி எங்கிருந்து வந்தது? விடை எனக்கு ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு மேரியக்கா.

மேரியக்கா தையல் வேலை செய்து தனியாக இருப்பவர். வேலியில் ஒரு பொட்டு, குட்டி நுழையும் அளவு ஓட்டை, இருக்கிறது. அதற்குள்ளால் வீமன் அங்கே நுழைவதும், அவர் அவித்த மீனில் முள் எடுத்து ஊட்டுவதும் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அன்று இருக்க முடியவில்லை. வேலியடிக்குப் போனேன்.

"மேரியக்கா, நீங்கள் குடுத்த மீனாலைதான் இவனுக்குப் பூச்சி. சைவ வீட்டுக் குட்டிக்கு உதைக் குடுக்கலாமோ?"

அவர் கையில் ஊசியும் நூலும். முகம் சுருங்கிவிட்டது.

"நான் அவிச்சுத்தான் குடுத்தனான், பிள்ளை" என்றார்.

நான் விட்டேனா? கணவரைக் கூப்பிட்டுப் பொட்டைத் தகரத்தால் அடைக்க வைத்தேன். மத்தியானத்துக்குள் வீமனால் நிற்கவே முடியவில்லை. துவாயில் சுற்றி ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம்.

டொக்டர் என் மகள் வயதுப் பெண். நான் மீன் கதையைத் தொடங்க, அவர் வீமனின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பல் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது.

"அவிச்ச மீனாலை உது வராது, அம்மா. தாயின்ரை வயித்துக்கை இருக்கேக்கையே குட்டிக்கு வந்திடும். பாலாலையும் வரும். பிறந்து ரண்டு கிழமையிலையே பூச்சி மருந்து தொடங்கவேணும். நீங்கள் எப்ப குடுத்தனீங்கள்?"

நான் எங்கே கொடுத்தேன்? சிவப்புக் கழுத்துப் பட்டி வாங்கினேன், மெத்தை வாங்கினேன், ஃபோனில் நூறு படம் எடுத்தேன். மருந்து நினைவே வரவில்லை.

"இரத்தம் நல்லாக் குறைஞ்சிட்டுது. தப்புவானோ எண்டு ரண்டு மூண்டு நாள் போகத்தான் சொல்லலாம். அந்த மீன் திண்டபடியாத்தான் இவ்வளவும் தாங்கியிருக்கிறான். மீனோ முட்டையோ குடுங்கோ."

நிறை பார்த்து மருந்து பருக்கினார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை திரும்பக் கொண்டுவரச் சொன்னார். நாய் மலத்தை உடனே அள்ளுங்கள், கையைக் கழுவுங்கள், மனிதருக்கும் தொற்றும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதில் விழுந்துகொண்டிருந்தது ஒன்றுதான் — அந்த மீன்.

அதென்னவோ, நோய் வந்தால் நமக்கு முதலில் மருந்து தேடத் தெரியாது. ஆளைத்தான் தேடுவோம். பேரனுக்குப் பூச்சி என்றால் இனிப்புக் கொடுத்த மாமி. சளி என்றால் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்த சித்தப்பா. ஆள் அகப்பட்டதும் பாதி நோய் தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி... வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் வீமன் சோற்றை மணந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். நான் மேரியக்காவின் படலையைத் திறந்துகொண்டு போனேன்.

"அக்கா, பிழை என்ரை. நான் உங்களை..."

"குட்டி இருக்கோ?"

"இருக்கிறான். சாப்பிடுறானில்லை. டொக்டர் மீன் குடுக்கச் சொன்னவ. எனக்கு அவிக்கத் தெரியாது, அக்கா."

மேரியக்கா தையலை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். சிறிது நேரத்தில் சட்டியோடு வந்தவர், எங்கள் படலையடியில் தயங்கி நின்றார். "உள்ளுக்கை வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

சுவாமியறைக் கதவைச் சாத்தட்டுமா என்று கணவர் கேட்டார். கிடக்கட்டும், கடவுளும் பார்க்கட்டும் என்றேன்.

அன்று வீமன் இரண்டு துண்டு நக்கினான். அடுத்த நாள் ஒரு கை தின்றான். மூன்றாம் நாள் காலை தானாக எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு ஓடினான் — என்னைத் தாண்டி, சட்டியோடு வந்த மேரியக்காவிடம்.

நியாயம்தானே?