நட்சத்திரக் குறியிடாத கேள்வி

செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு மைனி நாற்காலியில் ஏறி உட்காருவாள். மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் ஜாதி. முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் நான். வீட்டிலிருந்து ஒரு இறக்கம், இறக்கம் முடியும் இடத்தில் சானல். கால்வாயை எங்கள் பக்கத்தில் சானல் என்றுதான் சொல்வோம். சானலின் குறுக்கே மூன்று தென்னந்தடிகள் கிடக்கும். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்ட ஒரு மனுஷியை, முதுகுவலிக்காரர்கள் இருவர் அந்தத் தடிகளின் மேல் அடி அடியாக அக்கரைக்குக் கொண்டுபோவோம். அக்கரையில் ஆட்டோ நிற்கும். நெய்யாற்றின்கரையில் இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் அவளுக்கு ஏழரைக்கு இடம். பிந்தினால் அடுத்த ஆள் படுத்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் அதே சீக்கு.

அங்கே ஒரு பாலம் இருந்தது. ஆட்டோ போகிற அளவுக்கு அகலம். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் ஜூன் மாத மழை ஒன்றில் நடுப்பலகை விண்டு சானலுக்குள் குப்புற விழுந்தது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது, பாசி பிடித்து, செத்த எருமையின் முதுகு போல. எங்கள் கரையில் நாலு வீடுகள். சுற்றிப் போகலாம் என்றால் அடுத்தவர் ரப்பர் தோட்டத்துச் சரிவில், மழையில் வழுக்கும் ஒற்றையடிப் பாதை. அங்கே நாற்காலி போகாது. அதனால்தான் நாங்களே தடிகளைப் போட்டோம். இருபக்கத்துத் தடிகள் அண்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்தவை. நடுத்தடி மைனியின் தெங்கு. அவள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் நட்டு வெள்ளம் கோரி ஊற்றி வளர்த்தது, செல்லி வண்டு துளைத்து மண்டை சாய்ந்தபோது வெட்டியது.

என் தொழில் பத்திரம் எழுதுவது. பத்திரம் இல்லாத நாட்களில் மனு. தமிழிலும் எழுதுவேன், மலையாளத்திலும் எழுதுவேன். யாருக்கும் காட்டாமல் கவிதையும் எழுதுவேன், அது வேறு. பாறசாலையைச் சுற்றி, மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. தாழ்மையுடன் தொடங்கி கனிவுடன் முடிக்க எனக்குத் தெரியும். அந்தப் பாலத்துக்காக ஊராட்சிக்கு எழுதினேன், கால்வாயைக் கவனிக்கிற துறைக்கு எழுதினேன், கலெக்டருக்கு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ரசீது கிடைத்தது. ஊராட்சி துறைக்கு அனுப்பியதாகச் சொன்னது. துறை ஊராட்சிக்கு அனுப்பியதாகச் சொன்னது. இரண்டு காகிதங்களும் வழியில் எங்கோ சந்தித்து ஒன்றையொன்று கும்பிட்டுக் கடந்திருக்க வேண்டும்.

சட்டசபையில் கேள்வி போடலாம் என்று சொன்னவர், எனக்குப் பழக்கமான ஒரு வக்கீல். உறுப்பினர் கேள்வி கொடுத்தால் மந்திரி விடை சொல்லியே ஆக வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் சபையில் எழுந்து வாயால் சொல்ல வேண்டும், மேலே துணைக் கேள்விகளும் விழும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் விடை. எப்படியானாலும் மந்திரியின் பெயரில் அச்சாகிப் பதிவில் நிற்கும், இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போனில் திறந்து பார்க்கலாம். எனக்கு உள்ளே என்னவோ கிளர்ந்தது. எழுத்தால் பிழைக்கிறவனுக்கு, எழுத்தில் வரும் விடை என்பது பெரிய வாக்குறுதி.

மலைப்பக்கத்துத் தொகுதி ஒன்றின் உறுப்பினர் போடுவதாகச் சம்மதித்தார். அவருடைய செயலாளர் ஒரு பெண், களியக்காவிளைக்காரி, என்னைவிடப் பதினைந்து வயசாவது இளையவள். காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் அவளிடம் என் காகிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்தாள், ஒரு புருவத்தை உயர்த்தினாள், மாற்றட்டுமா என்று கேட்டாள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம் என்றேன். அவ்வளவு கர்வம் எனக்கு. அந்தக் கர்வத்துக்கு விலையாக ஒரு மழைக்காலம் முழுக்க மைனி தடியின் மேல் போனாள்.

நான் எழுதிய கேள்விக்கு நாலு உட்பிரிவுகள். முதல் பிரிவு: மேற்படி பாலம் இடிந்ததால் நோயாளிகள் அனுபவிக்கும் கடும் இன்னல் அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா? மற்ற மூன்றும் அதிலிருந்து கிளைத்தவை. வந்திருந்தால் என்ன நடவடிக்கை, எப்போது, எவ்வளவு விரைவாக.

விடை வந்தது. போனில் திறந்து முற்றத்தில் நின்று வாசித்தேன். முதல் பிரிவுக்கு: வரவில்லை. மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி: முதல் பிரிவுக்கான விடையைக் கருதி, இக்கேள்விகள் எழவில்லை.

எழவில்லை. ரசீதுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, முத்திரையோடு, கையெழுத்தோடு, ஆனால் கவனத்துக்கு வரவில்லை. பாலம் சானலில் குப்புறக் கிடக்கிறது, கேள்வி எழவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மனுஷி மண்ணுக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள், கேள்வி எழவில்லை. இதை எழுதியவருக்கு ஒரு மேசை இருந்திருக்கும், மேசையில் தேநீர் இருந்திருக்கும், மேலே மின்விசிறி சுற்றியிருக்கும். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார். எங்கள் வாழ்க்கையை ஒரு ஆள் அடித்துத் திருத்தினால் சண்டைக்குப் போகலாம். முதல் வரியிலேயே கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று சொல்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, "அப்போ மந்திரிக்க கணக்கில நான் நீந்தியாக்கும் ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றாள்.

அடுத்த ரயிலில் கோபத்தையும் ஏற்றிக்கொண்டு போனேன். செயலாளர் பெண் என்னை முழுக்கப் பேச விட்டாள். பிறகு என் கேள்வியையும் விடையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணாச்சி கோவப்படக் கூடாது. இது மனுவாக்கும், கேள்வி இல்ல. கவனத்துக்கு வந்துதாண்ணு நீங்கதான கேட்டிய? வரல்லண்ணு சொல்லியாச்சு. அவியளுக்கு ஓடுகதுக்கு வாசலை நீங்களே தொறந்து வச்சிட்டு, ஓடிட்டானேண்ணா எப்பிடி?"

எனக்கு முகம் சுட்டது. இருபது வருஷமாக மற்றவர்களின் துன்பத்தை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்தவன் நான். கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறவனுக்கு, கவனிக்காமல் இருப்பதற்கான உரிமையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து வாழைக்காய் உப்பேரி எடுத்து நீட்டினாள். அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்க வேண்டாம், அவர்கள் அலமாரியில் இருப்பதைக் கேளுங்கள் என்பதுதான் அவள் சொன்னதன் சாரம். எந்த நாளில் எந்த மனு வந்தது, எந்த எண்ணில் பதிந்தது, யார் போய்ப் பார்த்தார், அவர் எழுதிய அறிக்கை எங்கே. ரசீது எண்களைக் கேள்விக்குள்ளேயே வைத்து எழுதினால் வரவில்லை என்று சொல்ல முடியாது.

ரயிலிலேயே எழுதினேன். ஒரு உரிச்சொல் இல்லை. கடும் இல்லை, இன்னல் இல்லை, தயவு இல்லை. எண்ணும் நாளும் மட்டும். நான் எழுதியவற்றிலேயே மிக வறண்ட பக்கம் அது.

விடை நாளன்று வந்த வரி: விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது. நான் திட்டிய திட்டு மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. ஆனால் செயலாளர் பெண் போனில் சிரித்தாள். சேகரிக்க ஆள் வந்தே தீர வேண்டும், காத்திருங்கள் என்றாள்.

வந்தார்கள். ஒரு சனிக்கிழமை, இரண்டு மழைக்காலத்தில் முதல் தடவையாக, துறையிலிருந்து ஒரு ஓவர்சியரும் கூட ஒரு ஆளும், ரப்பர் தோட்டத்துப் பாதை வழியாக. கையில் அளவு நாடா. நான் வீட்டில் இல்லை, பத்திரம் எழுதப் போயிருந்தேன். நடந்ததை அண்ணன் பிறகு சொல்லித்தான் தெரியும். அண்ணன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், வாய் அதிகம் திறக்காதவன். அன்றைக்குத் திறந்திருக்கிறான். அரசாங்கம் வீடு தேடி வந்துவிட்டது அல்லவா. பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்திருக்கிறான். ஓவர்சியர் தடிகளைப் பார்த்து, ஆட்கள் இதில் போவார்களா என்று கேட்டிருக்கிறார். "ஒரு கொறவும் இல்ல சாறே, நல்லா கெட்டி வச்சிருக்கு," என்று சொல்லி, அண்ணன் தானே அக்கரை வரை நடந்து, திரும்பியும் நடந்து காட்டியிருக்கிறான். ஓவர்சியர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, சாயா நன்றாக இருந்தது என்று சொல்லிப் போனார்.

எங்கள் ஆட்களால் மட்டும்தான் இப்படிச் செய்ய முடியும். வீட்டுக்கு வந்தவர் முன்னால் குறையைக் காட்டுவது மரியாதைக் குறைவு.

பிந்தி வந்த விடை, ரசீது எண்களை எல்லாம் ஒப்புக்கொண்டது. மனுக்கள் வந்தன, இடம் பார்வையிடப்பட்டது. அதன் கீழே: மேற்படி இடத்தில் தற்காலிகக் கடவு அமைக்கப்பட்டுள்ளது, பொதுமக்கள் அதைத் திருப்திகரமாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

நான் அதை மூன்று முறை வாசித்தேன். எங்கள் தடிகள். கயிறு வாங்கி நாங்கள் கட்டிய கட்டு. மைனியின் தெங்கு மந்திரியின் விடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறது. அமைக்கப்பட்டுள்ளதாம். யார் அமைத்தது என்று சொல்லாமல் விடுவதில் எத்தனை சாமர்த்தியம்! இல்லாத பாலத்தைவிடக் கேவலமானது, எங்கள் தவிப்பையே எடுத்துத் தங்கள் சாதனையாக வைப்பது. அன்று சாப்பிட முடியவில்லை. அண்ணன் சானலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், அவனிடம் கோபப்படவும் முடியவில்லை.

மைனிதான் பேசினாள். அன்று வெள்ளி, இயந்திரத்திலிருந்து இறங்கி வந்து சோர்ந்து படுத்திருந்தாள். அந்த நாட்களில் பேச்சே வராது அவளுக்கு. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"எலே மக்கா, நடுவில கெடக்கது எனக்க தெங்காக்கும். அதை ஆரு போட்டாண்ணு கேளு. அதில நடந்தா விழமாட்டாண்ணு எந்த எஞ்சினியர் ஒப்பு போட்டிருக்கியாருண்ணும் கேளு."

நான் எழுதிக்கொண்டேன். அப்படியே அனுப்பினேன். தற்காலிகக் கடவு எந்த நாளில், யாருடைய உத்தரவின்படி அமைக்கப்பட்டது? தடிகள் எங்கிருந்து பெறப்பட்டன? மனிதர் நடக்கப் பாதுகாப்பானது என்று சான்றளித்த பொறியாளரின் பதவி என்ன? செயலாளர் பெண் இம்முறை மாற்றட்டுமா என்று கேட்கவில்லை. இதை யார் எழுதினது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

சபைக்குக் கொடுத்த விடை தவறென்றால் மந்திரியே திருத்த அறிக்கை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வைத்தார். கடவு பிரதேசவாசிகளால் அமைக்கப்பட்டது எனத் தெரியவருகிறது, முந்தைய விடை அவ்வாறே திருத்தப்படுகிறது. பாதுகாப்புச் சான்று ஏதும் வழங்கப்படவில்லை. பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.

அந்தக் கடைசி வரியை நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நம்பினோம். அண்ணன் ஜல்லி இறக்க எந்த இடம் வசதி என்றுகூடப் பார்த்து வைத்தான்.

உடனடி நடவடிக்கையைச் செவ்வாய்க்கிழமை காலையில் கண்டோம். சானலின் எங்கள் கரையில், தடிகள் தொடங்கும் இடத்தில், சிமென்ட் வைத்து நட்ட ஒரு இரும்புப் பலகை. மஞ்சள் பெயிண்ட், சிவப்பு எழுத்து. அபாயம். இவ்வழியே கடப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு.

அக்கரையில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எனக்குப் பலகையைப் பிடுங்கி வெள்ளத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. அண்ணன் நாற்காலியை இறக்காமல் அப்படியே நின்றான்.

"கீழ வைங்க," என்றாள் மைனி. வைத்தோம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். அவள் பலகையைப் பார்க்கவில்லை. தடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுத்தடியில், அக்கரை முனையிலிருந்து எங்கள் கரை வரை, ஒரு ஆள் சட்டி நிறையச் சுமந்து நடந்ததுபோல, சிமென்ட் கலவை சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது.

"இங்க வந்து இதை நட்டவன் எதில நடந்து வந்தான் மக்கா?"

நாற்காலியைத் தூக்கினோம். தடை செய்யப்பட்ட வழியில், சொட்டுகளின் மேல் மிதித்து, அவளை அக்கரைக்குக் கொண்டுபோனோம். ஏழரைக்குப் படுத்துவிட்டாள். இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். (அ) மேற்படி எச்சரிக்கைப் பலகையை நட்ட ஊழியர், எந்த வழியாகச் சானலைக் கடந்தார்?